அப்பா பாஷை, அம்மா பாஷை

அது மொழி எல்லையில் ஒட்டிக்கொண்டிருந்த கையகல மாவட்டம். அப்பாவுக்கு ஒரு மொழி, அம்மாவுக்கு இன்னொரு மொழி என்றால், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பெற்றவர்கள் முடிவு செய்ய முடியாது. மாவட்ட அலுவலகத்தில் ஓர் அதிகாரி பிள்ளையிடம் இரண்டு மொழியிலும் பேச்சுக் கொடுப்பார். பிள்ளை எதில் பதில் சொல்கிறதோ, அந்தப் பள்ளி. பெற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன சட்டமோ!

அன்று தையல்காரியின் மகளுடைய முறை. புகுந்த வீட்டில் அவள் மொழியைப் பேச அவளும் மகளும்தான். மகள் அப்பாவின் மொழிப் பள்ளிக்குப் போய்விட்டால், நாளடைவில் தாயிடமும் அதிலேயே பேசுவாள். அக்காள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அக்காள் இப்போது யாரிடமும் மனம்விட்டுப் பேசுவதே இல்லை.

ஆனாலும் நம்பிக்கை இருந்தது. பகலெல்லாம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகள் வாயாடுவது தாய்மொழியில்தானே?

அதிகாரி நல்ல மனிதர். தாயின் மொழியை அவர் திக்கித் திணறித்தான் பேசினார்.

"உங்க வீட்ல பூனை இருக்கா, பாப்பா?"

மகள் அப்பாவின் மொழியில் பதில் சொன்னாள். அவர் மறுபடியும் தாயின் மொழியில் பூனையின் பெயரைக் கேட்டார். அதற்கும் அப்பாவின் மொழிதான். பிறகு அவர் அந்த மொழிக்கு மாற, பூனையின் சேட்டைகளையெல்லாம் அதிலேயே அளந்துவிட்டாள். அதிகாரி முத்திரை குத்திவிட்டார்.

தையல்காரி மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். கணவன் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் படியிறங்கினான்.

வாசலுக்கு வந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. "ஏன்டி, நம்ம பாஷையிலதானே கேட்டாரு? அதுலயே சொல்றதுக்கென்ன?"

"அவருக்கு உன் பாஷை பேசவே வரலம்மா. ஆம்பளை இல்ல? பாவம், கஷ்டப்படறாரேன்னு அப்பா பாஷையில சொன்னேன்."

தையல்காரி வீட்டை நினைத்துப் பார்த்தாள். வீட்டில் அப்பா, தாத்தா, சித்தப்பா. பெண் என்றால் அவள் ஒருத்திதான். ஆண்களுக்கு ஒரு பாஷை, பெண்களுக்கு ஒரு பாஷை என்று குழந்தை நினைத்ததில் என்ன தப்பு?

கணவன் நின்றுவிட்டான். அவள் மொழியை மாதக்கணக்கில் படித்து, அவள் அப்பாவிடம் அதிலேயே பேசிப் பெண் கேட்டவன் அவன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை அதில் பேசியதில்லை.

"நம்ம அப்பாவுக்கும் சுத்தமா வராதில்லம்மா?"

தையல்காரி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கணவனின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வந்துச்சுடி. கல்யாணம் வரைக்கும் நல்லாவே வந்துச்சு."