மஞ்சள் கோடு

பௌர்ணமி அன்று ராஜம்மாளின் இட்லிக் கடையில் மகளின் படிப்புக்கு மரியாதை கிடையாது. மகள் விமான இன்ஜின் பார்க்கிறவளாக இருந்தாலும் சரி, விமானமே ஓட்டுகிறவளாக இருந்தாலும் சரி, அன்றைக்கு அடி அண்ணாமலையில் அவள் சட்னிக்குத் தேங்காய் துருவத்தான் வேண்டும். மணிமொழியும் அதற்கென்றே லீவு போட்டுவிட்டு வந்து நிற்பாள். திதி மத்தியானம் வரை இருந்ததால் விடிந்த பிறகும் கிரிவலக் கூட்டம் ஓயவில்லை. கடை வாசலில் ஜனங்கள் வெறுங்காலோடு போய்க்கொண்டே இருந்தார்கள். பசித்தவர்கள் ஒதுங்கினார்கள். ராஜம்மாள் அடுப்படியிலிருந்து ஏவிக்கொண்டே இருந்தாள்.

"மணி, அந்த கிரைண்டர கொஞ்சம் தொடைச்சு வுடுடி. ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு இன்னும் அப்டியே காஞ்சு கெடக்குது. சாப்புட வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?"

மணிமொழி ஈரத் துணியோடு குனிந்தாள். குங்குமம் முதல் துடைப்பிலேயே போய்விட்டது. சந்தனம் போகவில்லை. பக்கவாட்டில் இருந்த ஒரு நட்டின் மேல் அம்மா வைத்த சந்தனம், விரல் இழுத்த வாக்கில் நட்டிலிருந்து கிரைண்டரின் உடம்பு வரைக்கும் ஒரு மஞ்சள் கோடாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இதே மாதிரி ஒரு கோட்டை அவள் இந்த வாரம் வேறு இடத்தில் பார்த்திருந்தாள். டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டிருந்தாள்.

செங்கம் சாலையை விட்டு உள்ளே தள்ளி, வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லைகளுக்கு நடுவே ஓர் ஓடுபாதையும் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியும் இருக்கின்றன. அங்கே பறப்பவை இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்கள். உள்ளே ஓடுவது மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற பிஸ்டன் இன்ஜின்தான், கொஞ்சம் பெரியது, அவ்வளவே. ஆனால் மோட்டார் சைக்கிள் பாதி வழியில் நின்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இதில் அந்த வசதி இல்லை. அதனால் அங்கே ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்குவார்கள். எவ்வளவு பலம் கொடுத்திருக்கிறோம் என்று அந்த ஸ்பானரே காட்டிவிடும். சொன்ன அளவுக்கு முடுக்கியதும் நட்டின் மேலிருந்து இன்ஜின் உடம்பு வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு இருந்தால் நட்டு முடுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு சரிபார்க்க வருகிறவர் கோட்டைத்தான் பார்ப்பார்.

அந்தச் சரிபார்க்கிறவள்தான் மணிமொழி.

ஆயுத பூஜை சமயத்தில்தான் ஒரு விமானத்துக்குப் புது சிலிண்டர் மாட்டினார்கள். சிலிண்டரின் அடியைச் சுற்றி வரிசையாக நட்டுகள். மெக்கானிக் சகாதேவன் ஒவ்வொன்றாக முடுக்கிக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். கீழே கை சுலபமாக நுழையாத இடுக்கில் ஒரு நட்டு உண்டு, அதை எப்போதும் கடைசிக்குத்தான் வைத்துக்கொள்வார். அதற்குள் ஐயர் வந்துவிட்டார். நல்ல நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். டார்க் ரெஞ்சும் மற்ற சாமான்களோடு சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். விமானங்களை நிறுத்தி வைக்கும் ஹாங்கரில் அது எழுதாத சட்டம்.

இன்ஜினுக்குச் சந்தனம் வைக்கச் சொல்லி எல்லாரும் மணிமொழியைக் கூப்பிட்டார்கள். "நீங்க வைங்க மேடம், லட்சுமிகரமா இருக்கும்." அவளும் கூச்சத்தோடு கிண்ணத்தை வாங்கினாள். குங்குமம் மட்டும் வேண்டாம் என்றாள், தூள் உதிர்ந்து இன்ஜினுக்குள் போய்விடும் என்ற ஜாக்கிரதை. வெறும் சந்தனத்தை சிலிண்டர் சிலிண்டராக வைத்துக்கொண்டு வந்தாள். புது சிலிண்டர் ஆயிற்றே என்று அதன் அடியிலும் விரலை நுழைத்து ஒரு பொட்டு வைத்தாள். இடுக்கான இடம், விரல் வழுக்கி இழுத்துக்கொண்டு போனது இப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

அந்த ஜாக்கிரதையை நினைத்துத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு சிட்டிகை குங்குமம் வைத்திருந்தால் போதும், சிவப்பைப் பார்த்ததுமே பொட்டு என்று தெரிந்திருக்கும்.

பூஜைக்குப் பிறகு இன்ஜினைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. அந்தச் சூட்டில் சந்தனம் காய்ந்து பெயிண்ட் மாதிரியே ஆகியிருக்கும். சிலிண்டர் மாற்றியபின் இன்றைக்குத்தான் அது முதன்முதலாக மேலே ஏறுகிறது. ஓட்டப்போவது தலைமைப் பயிற்சியாளர் வளவன். பக்கத்தில் ஓவியா, ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பெண். எட்டரைக்குக் கிளம்புவார்கள். ஒரு நட்டு தளர்ந்திருந்தால் அதன் பாரம் பக்கத்து நட்டுகள் மேல் ஏறும். அவை ஒடிந்தால் சிலிண்டரே பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

மணிமொழி கடைக் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தாள்.

வளவன் எடுக்கவில்லை. ஓவியா எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார்கள். விமானத்தின் பக்கம் போகிறவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டவளே மணிமொழிதான். ஆபீஸ் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அடுத்து சகாதேவனைப் போட்டாள். அவரும் லீவில் கிரிவலம் வந்திருந்தார். ஊரே ஒரே நேரத்தில் போன் பேசினால் லைன் எங்கே கிடைக்கும்? விடாமல் போட்டதில் ஒரு தடவை கிடைத்தது.

"அண்ணா, அந்த சிலிண்டர்ல கீழ் நட்டு, கடைசியா இருக்குமே, அத முடுக்குனீங்களா?"

"கீழ் நட்டா?" பின்னால் ஒரே இரைச்சல். "அதுக்குள்ளதான் பூஜைக்கு கூப்ட்டுட்டாங்களே மேடம். மறுநாள் வந்து பாத்தேன். கோடு இருந்துச்சு. சரி, நாமதான் முடிச்சிட்டோம் போலன்னு..."

லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை.

"மா, நான் போயிட்டு வந்துடறேன்."

"எங்கடி போற? இங்க கூட்டம் இருக்கிற இருப்புல..."

அதற்கு மேல் ராஜம்மாள் என்ன சொன்னாள் என்பது மணிமொழி காதில் விழவில்லை. ஸ்கூட்டரை எடுக்க வழியில்லை, கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். செங்கம் சாலையைப் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது. கூட்டம் வருகிற பக்கமாகவே போக வேண்டும். மொத்த ஊரும் மலையை வலமாகச் சுற்றிக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் இடமாகக் கிளம்பினாள்.

நடக்க முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. தோளில் இடித்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தி, "எதுருல வராதம்மா, ஆகாது," என்றாள். நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரியவர் நின்று, "படிச்ச பொண்ணாட்டம் இருக்க. இந்தப் பக்கம் சுத்தலாமா?" என்று வழியை மறித்துக் கேட்டார். அவருக்கு நட்டையும் சந்தனத்தையும் விளக்கிச் சொல்ல நேரமில்லை. "தப்புதாங்க," என்று சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கால் முன்னால் போனதே தவிர மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. அது பெயிண்டாகவே இருந்துவிட்டால்? சகாதேவன் முடுக்கிவிட்டு மறந்தும் போயிருக்கலாம். போன மாதம் இப்படித்தான் இன்ஜினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று அவள் பிடிவாதமாக விமானத்தை நிறுத்தினாள். பாதி இன்ஜினைப் பிரித்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால் சீட்டுக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. அன்றிலிருந்து வளவன் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னிக்கு பாட்டில் ஒண்ணும் உருளலையே?" என்று கேட்காமல் போவதில்லை. இன்றைக்கும் ஒன்றுமில்லை என்றால் அவள் இனி எந்த விமானத்தைப் பார்த்துக் கை காட்டினாலும் சிரிப்பார்கள்.

சந்தனமாகவே இருந்துவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் கூடவே இன்னொன்றும் வந்தது. பூஜையில் எல்லார் கையிலும் சந்தனம் இருந்தது. எந்தப் பொட்டை யார் வைத்தார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? முடுக்க வேண்டியவர் சகாதேவன். கேட்டால் அவரைத்தான் கேட்பார்கள். இப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே என்று மணிமொழிக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அது போகாமல் கூடவே வந்தது.

செங்கம் சாலை முனையில் போலீஸ் தடுப்பு. தடுப்பைத் தாண்டி ஓர் ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னாள்.

"ஏரோப்ளேன் கத்துக் குடுக்கிற எடமா? வேடிக்கை பாக்க வுடுவாங்களா மேடம்?" என்றார் டிரைவர்.

"வேகமா போங்கண்ணா. ப்ளீஸ்."

அவள் குரலைக் கேட்டு அவர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். மணிமொழி தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கழுகு வட்டமிட்டதற்கெல்லாம் நெஞ்சு திக்கென்றது.

கேட்டில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. விமானம் ஓடுபாதையின் தொடக்கத்தில் போய் நின்று உறுமிக்கொண்டிருந்தது. கிளம்புவதற்கு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இன்ஜினை வேகமாக ஓட்டிப் பார்ப்பார்கள். அதுதான் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்தால் அடுத்தது பிரேக்கை விடுவதுதான். மணிமொழி புல்தரையில் விழுந்தடித்து ஓடினாள். ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போயிற்று. விமானத்தின் மூக்கில் சுற்றுகிற விசிறிக்கு எட்டாத தூரத்தில், வளவனின் கண்ணில் படுகிற மாதிரி நின்று, கையைக் கழுத்துக்குக் குறுக்கே அறுப்பது போல வீசினாள். இன்ஜினை நிறுத்து என்பதற்கு அவர்களுடைய சைகை அது. ஒரு தரம் வீசினாள். மறுபடி வீசினாள். விசிறி கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது.

வளவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"இன்னிக்கு எந்த பாட்டில் மணிமொழி?"

"சார், இன்ஜின் மூடிய கழட்டணும். புது சிலிண்டரோட கீழ் நட்டுல இருக்கிறது பெயிண்டா சந்தனமான்னு பாக்கணும்."

"என்னது?"

சொன்னாள். மூச்சு வாங்கியதில் முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. வளவன் முகத்தில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. "லீவு போட்டுட்டு வீட்ல உக்காந்து இதத்தான் யோசிச்சீங்களா? நீங்களே பாத்து கையெழுத்து போட்டது இது." ஓவியாவும் இறங்கிவந்து பக்கத்தில் நின்றாள். எதையும் தெரிந்துகொள்ளாமலே அவள் முகம் வெளிறியிருந்தது.

"எங்கம்மா இன்னிக்கு கிரிவலம் போறாங்கக்கா," என்றாள். "நான் மொத மொத இந்த ப்ளேன்ல போறேன்னு வேண்டிக்கிட்டு."

மணிமொழி ஹாங்கருக்குப் போய்ச் சாமான்களைத் தூக்கி வந்து தானே மூடியைக் கழற்றினாள். இன்ஜின் அனலாய்க் கொதித்தது. ஆறட்டும் என்று வளவன் சொன்னதைக் கேட்க அவளுக்குப் பொறுமையில்லை. டார்ச்சை அடித்துக் கண்ணாடியைச் சாய்த்தாள். எல்லா நட்டிலும் மஞ்சள் கோடு. கீழ் நட்டிலும் கோடு. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இப்போதும், இவ்வளவு சந்தேகத்தோடு வந்து பார்க்கும்போதும், கண் அதைப் பெயிண்ட் என்றுதான் சொன்னது.

கர்சீப்பைத் தண்ணீரில் நனைத்தாள். முதலில் மேல் நட்டின் கோட்டைத் துடைத்தாள். அது அசையவில்லை. பிறகு கையைக் கீழே நுழைத்து, சூட்டைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, கீழ் நட்டை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள். வெளியே எடுத்தபோது கர்சீப்பில் மஞ்சள் அப்பியிருந்தது. எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே கோயில் வாசனை அடித்தது.

ஸ்பானரை வைத்தாள். நட்டு முனகாமல் கொள்ளாமல், குழாய் மூடி மாதிரி, சுலபமாகத் திரும்பியது.

வளவன் ஸ்பானரை வாங்கி, தானும் ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு ஓவியாவைப் பார்த்தார். ஓவியா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். வளவன் பழைய கேலியெல்லாம் இல்லாத குரலில் கேட்டார்.

"சிலிண்டர் வேலை சகாதேவனுதுதானே?"

மணிமொழி பதில் சொல்லுமுன் அவள் போன் அடித்தது. சகாதேவன்தான். வழியெல்லாம் விடாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போல.

"மேடம், இன்னா ஆச்சு? நட்டு முடுக்குனேனா இல்லியான்னு எனக்கு ஞாபகமே வரல மேடம். கை காலெல்லாம் ஓட மாட்டேங்குது. பாதியில திரும்பி வந்துகினு இருக்கேன். எல்லாரும் திட்றாங்க. அவங்க மேல போயிட்டாங்களா?"

"போகல அண்ணா. ரெண்டு பேரும் கீழதான் இருக்காங்க."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்றுகூட இருந்தது. வளவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயேதான் இருந்தது. மணிமொழி வெந்துபோன விரலை ஈரக் கர்சீப்பில் சுற்றிக்கொண்டு, அவருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொன்னாள்.

"நீங்க திரும்பி வராதீங்கண்ணா, சுத்தி முடிச்சிட்டே வாங்க. நட்டு முடுக்காமதான் இருந்துச்சு. ஆனா நீங்க பாத்த கோடு உங்க பெயிண்ட் இல்ல. என் சந்தனம். வெச்சதும் நான்தான், அதப் பாத்துட்டு சரின்னு கையெழுத்து போட்டதும் நான்தான்."

சகாதேவனைத் தாண்டி அரோகரா போட்டுக்கொண்டு கூட்டம் போகிற சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.