குளக்கரையில் நின்றவன்

குளத்துப் படியில் பம்பை இறக்கி, உறிஞ்சு குழாயைத் தண்ணீருக்குள் விடும்போதே, தெருக்கோடியில் "ராயப்பன் வந்துட்டாருடா!" என்று கூட்டம் கத்தியது. திண்டிவனத்தில் நிலக்கடலை மூட்டைகள் அடுக்கிய ஒரு மல்லாட்டைக் கிடங்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. ஐந்து பேர் வந்திருந்தோம். ஊர்க் கண்ணுக்குத் தெரிந்தது ஒருவன்தான்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஏற்படுத்திய தீயணைப்புப் படை எங்களுடையது. இரண்டு வருஷமாகியும் குண்டு விழவில்லை, கூரைகள்தான் எரிந்தன. குழாய் முனையைப் பிடித்து நெருப்புக்கு எதிரே நிற்பவன் ராயப்பன். பாசி அடைக்காமல் பார்த்துக்கொண்டு, பம்பை ஓட்டிக்கொண்டு சேற்றில் நிற்பவன் விருத்தாசலமாகிய நான். மோரும் மாலையும் அவனுக்கு, கொசுக்கடி எனக்கு. போன மாதம் ஒரு குடிசையிலிருந்து அவன் குழந்தையைத் தூக்கி வந்தபோது என் மனைவி பொன்னியே, "ராயப்பண்ணன் இல்லன்னா அந்தப் புள்ள பொழச்சிருக்குமா?" என்றாள். தண்ணீர் கொடுத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தண்ணீர் திறக்கச் சொல்லி ராயப்பனின் விசில் கேட்டது. முழுக்கத் திறக்கவேண்டிய பம்புத் திருகைப் பாதியில் நிறுத்தினேன். தண்ணீர் அவன் காலடியிலேயே விழட்டும், ஒரு நிமிஷம் கூட்டம் சிரிக்கட்டும். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

தண்ணீர் எட்டாவிட்டால் குழாய் பிடிப்பவன் முன்னால் போவான் என்பது எனக்குத் தெரியாதா? ராயப்பன் போனான். எரிகிற மூட்டைகள் அவன்மேல் சரிந்தன. அலறல் கேட்டுத்தான் முழுக்கத் திறந்தேன்.

அவனுக்கு வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. ஊரே திரண்டு ஆஸ்பத்திரி வாசலில் அழுதது. அதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது, வெட்கக்கேடு.

அதிகாரி கட்டிலருகே வந்து, "தண்ணி ஏன்யா கொறஞ்சிது?" என்று என்னைக் கேட்டார்.

ராயப்பன் முந்திக்கொண்டான். "கொளத்துல பாசி அடச்சிக்கிச்சிங்க. இவன் முங்கி எடுத்துக்கினு இருந்தான்."

என் காக்கிச் சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு கூரை எரிந்தது. அதிகாரி குழாய் முனையை என்னிடம் கொடுத்தார். மடங்காத விரல்களோடு ராயப்பன் பம்புக்குப் போனான். யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கூட்டத்தில் பொன்னியும் இருந்தாள். விசில் அடித்தேன். கித்தான் குழாய் தண்ணீர் ஏறாமல் தெரு நீளத்துக்குத் தட்டையாகக் கிடந்தது. முதுகில் அனல் அடிக்க, நான் குளத்துப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.