அதே செடிதான்

வீட்டில் எல்லோரும் அவளைச் செடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அரிய தாவரங்களைக் காப்பாற்றும் ஆராய்ச்சிக்கு ஃபெலோஷிப் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனின் பைக்கில் தொற்றிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனாள். மடியில் ஒரு தொட்டி. அதில் இருந்தது லேசுப்பட்ட செடியல்ல. கல் குவாரிக்காரர்கள் பாறைக்கு வெடி வைப்பதற்கு முந்தின நாள், விழுந்தடித்து ஓடிப் பெயர்த்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அந்த இனத்தில் வேறொன்றை எவரும் கண்ணால் பார்க்கவில்லை. ஃபெலோஷிப் கிடைத்தால் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பெருக்கலாம். இல்லாவிட்டால் குளியலறை ஜன்னலிலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

"மெதுவாப் போண்ணா, பூ உதிர்ந்துடும்."

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி சாஞ்சிடும்டி!"

செடியை நேரில் கொண்டுவர வேண்டும் என்பது கண்டிப்பான விதி. போன வருஷம் எவனோ ஒரு புண்ணியவான் பிளாஸ்டிக் செடியைப் படம் பிடித்து அனுப்பி, ஃபெலோஷிப்பையும் வாங்கி, மாநாட்டில் பதக்கமும் தட்டிக்கொண்டு போய்விட்டானாம்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தேர்வுக் குழுத் தலைவி. ஒரு பக்கம் பூ நிபுணர். இன்னொரு பக்கம், செடிகளை அமுக்கிக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பாளர்.

"அழியப்போற செடிக்குத்தான்மா இந்த ஃபெலோஷிப்," என்றார் தலைவி. "இது அதுதானான்னு முதல்ல உறுதிப்படுத்தணும், இல்லையா?"

"தாராளமாப் பாருங்க மேடம்," என்றாள் செடிக்காரி. சொன்ன வாயைத் தைத்திருக்க வேண்டும்.

தலைவி ஓர் இலையைக் கிள்ளினார். கசக்கினார், மோந்தார், போதாதென்று வாயில் போட்டு மென்றார். "கசக்குது. ஆனா எல்லா இலையும் கசக்குதான்னு பார்க்கணுமே!" என்று அடுத்ததைக் கிள்ளினார். அதற்கடுத்ததையும்.

பூ நிபுணர் பிளேடை எடுத்தார்.

"சார், ஒரே ஒரு பூதான் இருக்கு!"

"பரவாயில்லம்மா, எனக்கு ஒண்ணு போதும்," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அறுத்தார்.

செடிக்காரி தடுக்கக் கையை நீட்டினாள். தடுத்தால் ஃபெலோஷிப் போகும். தடுக்காவிட்டால் செடி போகும். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அதற்குள் காப்பாளர் தொட்டியைக் கவிழ்த்து, வேரை நெடுக்காகப் பிளந்து பார்த்துவிட்டு, மிஞ்சிய தண்டைச் செய்தித்தாளில் மடித்து நாற்காலியில் வைத்து, அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். நன்றாக அமுங்க வேண்டுமாம்.

"சந்தேகமே இல்லை! அதே செடிதான்!" என்றார் உட்கார்ந்தபடியே.

மூவரும் கை தட்டினார்கள். தலைவி எழுந்து வந்து கை குலுக்கினார். "ஃபெலோஷிப் உனக்குத்தான்மா. இனிமே செடியைப் பத்திரமாப் பார்த்துக்க."

"எந்தச் செடியை மேடம்?"

தலைவியும் பூ நிபுணரும் காலித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். காப்பாளர் மெல்ல எழுந்து, நாற்காலியைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

இவர்களை நம்பி எடுத்து வந்தேனே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டே அழுதாள்.

"அழாதம்மா, விதியில இடம் இருக்கு," என்று தலைவி அவசரமாகச் சமாளித்தார். "தலைப்பை மட்டும் மாத்திக்கலாம். 'இந்தச் செடி அழிந்தது எப்படி'ன்னு ஆராய்ச்சி பண்ணு. ஃபெலோஷிப் அப்படியே இருக்கும்."

செடிக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

"சரி மேடம். சம்மதம்."

எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே அண்ணன், "என்னடி, முடிஞ்சுதா?" என்றான்.

"இல்லண்ணா, இப்பத்தான் ஆரம்பிக்குது. நேரமாகும், நீ வீட்டுக்குப் போ."

நாற்காலியை இழுத்துப் போட்டு மூவருக்கும் நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ணால பார்த்தவங்க நீங்கதான். உங்ககிட்டதான் விசாரிச்சாகணும். முதல் கேள்வி உங்களுக்கு மேடம். இதுக்கு முன்னாடி எத்தனை செடியை இப்படி உறுதிப்படுத்தியிருக்கீங்க?"

தலைவி யோசித்து யோசித்து விரல்களை மடக்கினார். இரண்டு கையும் தீர்ந்தது. பிறகு, பக்கத்தில் இருந்த பூ நிபுணரின் கையைப் பிடித்து இழுத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தார்.