வெளியாள்

கடைசிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் அந்த அறக்கட்டளையின் கணக்கை வருஷாவருஷம் தணிக்கை செய்தவர் ஆடிட்டரம்மா. போன மாதம் அவருடைய கணவரும் அங்கேதான், ஜன்னலோரக் கட்டிலில், கண்ணை மூடினார்.

இந்த வருஷக் கணக்கோடு அறக்கட்டளையின் செயலாளர் ஆடிட்டரம்மாவின் ஆபீசுக்கு வந்தார்.

“இந்தத் தடவை வேற ஆளைப் பாருங்க சார். என்னால கையெழுத்துப் போட முடியாது.”

“ஏம்மா, எங்க மேல ஏதாவது சந்தேகமா?”

“சந்தேகமே வர மாட்டேங்குது, அதான். கணக்குப் பாக்குறவ வெளியாளா இருக்கணும். நீங்க அவரைக் குளிப்பாட்டி விட்டதை நான் பாத்திருக்கேன்.”

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடிட்டரம்மாவுக்கு அழுகை வரவில்லை. கணவர் போனதிலிருந்தே எதுவும் வரவில்லை. தெரிந்த இன்னொரு ஆடிட்டரின் நம்பரைக் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து, ஆறிப்போன டீயைக் குடித்தார். சர்க்கரை போட்டிருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.