டென்னிஸ் ஹார்கன் எழுதிய நன்றிக் கடிதம்

காலை ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. நான்காம் மாடியில் எண்பது பேர் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். டீம் லீடர் ஆர்னெல் ஜெபம் சொன்னான். கூப்பிடுகிறவர்களுக்குப் பொறுமையும் எடுக்கிறவர்களுக்கு நல்ல வார்த்தையும் தரும்படி ஆண்டவரிடம் கேட்டான். கூடவே, இன்றைக்குக் குறைந்தது நூறு பேரையாவது காப்பாற்றித் தரும்படியும் கேட்டான். எல்லோரும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

காப்பாற்றுவது என்றால், பாலிசியை ரத்து செய்ய ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிடுகிறவரை ரத்து செய்யவிடாமல் பேசி அனுப்புவது. அங்கே வருடக் காப்பீடு முடிந்த மறுநாளே வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணம் தானாக எடுக்கப்பட்டு அடுத்த வருடம் ஓடத் தொடங்கிவிடும். வங்கியிலிருந்து தாள் வரும்போதுதான் பாதிப் பேருக்கு அது தெரியும். அந்தக் கோபமெல்லாம் கடல் தாண்டி இலோய்லோ என்ற தீவு நகரத்துக்கு, இந்த வணிக வளாகத்தின் மேல்மாடிக்கு வந்து இறங்கும். ஒருவரைக் காப்பாற்றினால் எழுந்து போய்த் தூணில் தொங்கும் பித்தளை மணியை அடிக்கலாம். எல்லோரும் கை தட்டுவார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஜெனலினுக்கு முப்பத்தாறு வயது. அந்த வரிசையில் அவள்தான் மூத்தவள். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இன்னும் பதினொரு நாள் பாக்கி. அதைக் கடந்துவிட்டால் நிரந்தரம். நிரந்தரமானவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்கும் மருத்துவ அட்டை உண்டு. கணவனையும் அதில் சேர்க்கலாம்.

கணவன் ரொமுலோ மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ்கட்டி தூக்குகிறவன். தவக்காலத்துக்கு முன்பே அவனுக்குக் குடல் இறங்கிவிட்டது. பழைய ஜீன்ஸ் துணியை நாலாக மடித்துத் தைத்து அவள் ஒரு பெல்ட் செய்து கொடுத்திருந்தாள். அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு இன்னமும் தூக்குகிறான். குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, இந்த மாதத்துக்குள் அறுவை செய்துவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ஜெனலின் அவனிடம் தாங்குமா என்று கேட்பாள்.

"நான் தாங்குவேன். அந்த ஐஸ்கட்டிதான் பாதி வழியில உருகிடுது" என்பான் அவன்.

அன்றைக்கு அவளுடைய ஒன்பதாவது அழைப்பு டென்னிஸ் ஹார்கன் என்ற கிழவருடையது. அவர் கோபமாக இல்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதற்கு அவரே மன்னிப்புக் கேட்டார். அவரும் மனைவி மோரினும் வருடாவருடம் பயணக் காப்பீடு எடுப்பார்கள். மோரின் மழைக்காலத் தொடக்கத்தில் இறந்துவிட்டாள். இந்த வருடத்துக்கும் இரண்டு பேருக்கான பணம் அவர் கார்டிலிருந்து போயிருந்தது.

"நான் இனிமே எங்கம்மா போகப்போறேன்? கடைக்குப் போயிட்டு வர்றதே பெரிய பயணமா இருக்கு" என்றார்.

ஜெனலின் திரையைப் பார்த்தாள். புதுப்பித்து இருபத்து நான்கு நாள் ஆகியிருந்தது. இருபத்தோரு நாளுக்குள் சொல்லியிருந்தால் கேள்வி இல்லாமல் பணம் திரும்பியிருக்கும். பாலிசி கிழவரின் பெயரில் இருந்தது. அவர் இறந்திருந்தால் திருப்பித் தரலாம். துணைப் பயணி இறந்ததற்கு விதியில் இடமில்லை.

இனி மூன்று சமாதானங்களை வரிசையாகப் படித்தாக வேண்டும். ஒன்றை விட்டாலும், யாராவது பதிவைக் கேட்டால், மதிப்பெண் குறையும். முதலாவதைப் படித்தாள். இரண்டாவது திரையில் வந்து நின்றது. அதையும் படித்தாள்.

"துணைப் பயணியோட இடத்துல வேற ஒருத்தர் பேரச் சேர்த்துக்கலாம்ங்கய்யா. அதுக்குக் கட்டணம் கிடையாது."

அந்தப் பக்கம் எங்கோ நாய் குரைப்பது கேட்டது.

"வேற யாரை?" என்று கேட்டார் கிழவர். கிண்டலாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மூன்றாவதை அவள் படிக்கவில்லை. திரையின் அடியில் ஒரு சிறிய கட்டம் இருந்தது. புதுப்பிப்புக் கடிதம் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அதில் குறியிடலாம். குறியிட்டால் முழுப்பணமும் அவருக்குத் திரும்பிவிடும். ஆனால் கடிதம் வரவில்லை என்பதை அவர் வாயாலேயே சொல்லி, அது பதிவாக வேண்டும். அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது பயிற்சியின் முதல் நாளே சொல்லப்பட்டது.

"ஐயா, பாலிசி புதுசாகப்போகுதுன்னு ஒரு லெட்டர் வந்திருக்கணும். அது உங்களுக்கு வரலையோ?"

"வந்துச்சே. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த கிறிஸ்டல், தன் அழைப்பில் பேசிக்கொண்டே, ஜெனலினின் முழங்கையைக் கிள்ளினாள். ஜெனலின் கையை இழுத்துக்கொண்டாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா. சில சமயம் லெட்டர் பக்கத்து வீட்டுக்குப் போயிரும். நாள் கழிச்சுத்தான் கைக்கு வரும். இல்லாட்டி வராமயே போயிடும்."

"இல்லம்மா. எங்க தபால்காரர் ரொம்ப நல்லவரு. இரு, நானே போய்ப் பார்த்துச் சொல்றேன்." நாற்காலி நகர்ந்தது. செருப்பு தேய்ந்தது. திரும்பி வந்து, கடிதத்தில் இருந்த தேதியை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "அடக்கம் முடிஞ்ச மறுநாள் வந்திருக்கு. அப்போ பிரிச்சுப் பார்க்காம வச்சிட்டேன். தப்பு என்னோடதுதான்."

அதற்கு மேல் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பணம் வராது என்பதை அவளே சொன்னாள். மோரினின் ஆன்மாவுக்காக இன்று மூன்று மணிக்கு ஜெபிக்கிறேன் என்றும் சொன்னாள். அது எந்தத் தாளிலும் இல்லாத வரி. கிழவர் அவள் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மதியம் சாப்பிடும்போது கிறிஸ்டல் கருவாட்டு முள்ளை எடுத்துக்கொண்டே திட்டினாள்.

"உனக்கென்னக்கா பைத்தியமா? இன்னும் பதினொரு நாள். வாய மூடிக்கிட்டுப் படிச்சுட்டுப் போயேன்."

"எங்கப்பா வயசு இருக்கும்டி."

"அங்கேருந்து கூப்பிடுற எல்லாருக்கும் உங்கப்பா வயசுதான். நல்லவேளை, கிழவன் உண்மைய சொல்லித் தொலைச்சான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மாதத்துக்கு ஒருவருடைய அழைப்புகளில் இரண்டைத்தான் எடுத்துக் கேட்கிறார்கள், ஆயிரத்தில் இரண்டு, இது அகப்படாது என்றாள். தன் தட்டிலிருந்த முட்டையில் பாதியை ஜெனலினின் சோற்றில் வைத்தாள்.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தது. வளாகத்தின் ஒலிபெருக்கிகளில் மூன்று மணி ஜெபம் தொடங்கியதும் கடைக்காரர்களும் வாங்க வந்தவர்களும் நின்ற இடத்தில் நின்றார்கள். நகரும் படிக்கட்டில் இருந்தவர்கள் மட்டும் தலைகுனிந்தபடியே கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெனலின் ரொமுலோவின் வயிற்றுக்காக வேண்டினாள். மோரினுக்காகவும் வேண்டினாள்.

ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் காலை ஜெபம் முடிந்ததும் ஆர்னெல் யாரையும் உட்கார விடவில்லை. அவன் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவை, இப்போதுதான் அச்செடுத்தேன் என்றான். முகமெல்லாம் சிரிப்பு. தர ஆய்வுப் பிரிவிலிருந்து வந்திருந்த ஒருவரும் பக்கத்தில் நின்றார்.

"நம்ம டீமுக்கு ஒரு வாடிக்கையாளர் கைப்பட லெட்டர் எழுதியிருக்கார். இந்தக் கட்டடத்துக்கே இதுதான் முதல் லெட்டர். ஜெனலின் அக்கா, முன்னாடி வா."

கை தட்டினார்கள். யாரோ ஓடிப்போய் மணியை அடித்தார்கள். ஜெனலினுக்கு அது அடிக்கப்பட்டது அந்த ஆறு மாதத்தில் நான்காவது தடவை. ஆர்னெல் சத்தமாகப் படித்தான்.

'என் மனைவி போன பிறகு வங்கி, மருத்துவமனை, மின்சார வாரியம் என்று பதினேழு இடங்களில் பேசிவிட்டேன். மோரினின் பெயரைச் சொல்லி அவளுக்காக ஜெபிக்கிறேன் என்றவர் உங்கள் ஊழியர் ஜெனலின் ஒருவர்தான். அன்றைக்கு நான் பல நாளுக்குப் பிறகு சமைத்துச் சாப்பிட்டேன்.'

கிறிஸ்டல் கண்ணைத் துடைத்தாள். ஆர்னெல் தாளைத் திருப்பினான்.

'போனை வைத்து, டீ குடித்து முடித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கடிதம் வரவில்லை என்று நான் சொல்லியிருந்தால் பணம் திரும்பக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைத்தான் அந்தப் பெண் இரண்டு முறை எனக்கு...'

அவன் குரல் இறங்கியது. உதடு மட்டும் சிறிது தூரம் அசைந்தது. பிறகு நின்றது. தர ஆய்வுக்காரர் கையை நீட்டித் தாளை வாங்கி, மிச்சத்தை மனதுக்குள் படித்தார். மணியின் கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"சரி, எல்லாரும் லைனுக்குப் போங்க" என்றான் ஆர்னெல்.

பதிவைத் தேடி எடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மனிதவளப் பிரிவின் சிறிய அறையில் லூர்துஸ் மேடம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். நல்ல பெண்மணி. ஜெனலினுக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான். ஒலிபெருக்கியில் அந்த அழைப்பு ஓடியது. நாய் குரைத்தது. செருப்பு தேய்ந்தது. தபால்காரர் ரொம்ப நல்லவர் என்று கிழவர் சொன்னார். தன் குரல் இவ்வளவு மெதுவானது என்று ஜெனலினுக்கு அதுவரை தெரியாது.

ஆர்னெல் அவளுக்காகப் பேசிப் பார்த்தான். கிழவர் ஏமாற்றவில்லை, கம்பெனிப் பணம் ஒரு காசு போகவில்லை, எச்சரித்து விட்டுவிடலாமே என்றான். தர ஆய்வுக்காரர் மறுக்கவில்லை. பணம் போகாததற்குக் காரணம் கிழவருடைய நேர்மையே தவிர இவளுடையது இல்லை என்று மட்டும் சொன்னார்.

"ப்ரொபேஷன்ல இருக்குறப்போ நாங்க காரணம்னு எதையும் எழுத வேண்டியதில்ல ஜெனலின்" என்றார் லூர்துஸ். "தேறலைன்னு மட்டும்தான் போடுவோம். வேற எங்க போனாலும் உனக்குக் கெட்ட பேரு வராது. என்னால செய்ய முடிஞ்சது அவ்வளவுதான்."

"ஒரு நாள்தான் மேடம் பாக்கி. எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்."

லூர்துஸ் தாளைச் சரியாக அடுக்கினார். இரண்டாம் தடவையும் அடுக்கினார்.

ஜெனலின் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்த பிறகு, கிழவருக்காவது பணம் போகுமா என்று கேட்டாள்.

"எப்படிப் போகும்? கடிதம் வந்துச்சுன்னு இப்போ எழுத்துலயே குடுத்துட்டாரே" என்றார் தர ஆய்வுக்காரர்.

ஒரு வாரம் கழித்து, கடைசிச் சம்பளத்துக்கான தாளில் முத்திரை வாங்க அவள் மறுபடி வர வேண்டியிருந்தது. ரொமுலோ விடியற்காலையிலேயே துறைமுகத்துக்குப் போயிருந்தான். போகுமுன் பெல்ட்டில் இன்னொரு துளை போட்டுத் தரச் சொன்னான். ஆணியை அடுப்பில் காய்ச்சி அவள்தான் போட்டுக் கொடுத்தாள். தாங்குமா என்று அன்று கேட்கவில்லை. அவனும் ஐஸ்கட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து முத்திரைகளில் நான்கை வாங்கி முடிக்க மதியத்துக்கு மேலாகிவிட்டது. அவளுடைய தண்ணீர் பாட்டிலும், குளிருக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையும், மேசையில் ஒட்டியிருந்த சிறிய மாதா படமும் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரப்பட்டன. கடைசி முத்திரை வாசல் காவலர் நெஸ்டரிடம். அவள் ஷிப்டுக்கு வரும் நாட்களில் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்திருப்பவர் அவர்.

நெஸ்டரின் மேசைக்குப் பின்னால், வாசலைப் பார்த்த சுவரில், புதிதாக ஒரு சட்டம் மாட்டியிருந்தார்கள். டென்னிஸ் ஹார்கனின் கடிதம். முதல் பக்கம் மட்டும். அதற்குப் பக்கத்தில் அடையாள அட்டையிலிருந்த அவளுடைய படம், பெரிதாக்கி, பல் தெரியச் சிரித்தபடி. அன்றைக்குச் சேர்ந்த பயிற்சிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அதன் முன்னால் நின்றார்கள். பயிற்சி கொடுக்கும் பெண் கடிதத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா, விதிய மீறாமலே எவ்வளவு அன்பாப் பேச முடியும்னு. இந்த அக்கா மாதிரி இருக்கணும் எல்லாரும்."

ஓரத்தில் நின்ற ஒரு பெண் படத்தையும் ஜெனலினையும் மாறிமாறிப் பார்த்தாள். ஜெனலின் பிளாஸ்டிக் பையை முன்னால் கொண்டுவந்து வயிற்றோடு பிடித்துக்கொண்டாள்.

நெஸ்டர் தாளில் முத்திரை குத்தினார். பிறகு கையை நீட்டினார்.

"அட்டையக் குடு தங்கச்சி."

கொடுத்தாள். இழுப்பறையிலிருந்து அவர் கத்தரிக்கோலை எடுத்தார். திரும்ப வாங்கும் அட்டையைக் கொடுத்தவர் எதிரிலேயே வெட்ட வேண்டும் என்பது விதி. அவர் எழுத்துப் பக்கமாக வெட்ட முயன்றார். அங்கே கடினமான சில்லு இருந்தது. கத்தரி ஏறவில்லை. அட்டையைத் திருப்பி, படத்தின் பக்கம் வைத்தார்.

"மன்னிச்சுக்கோ" என்றார்.

கத்தரி அவளுடைய நெற்றி வரை வந்தபோது மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. மூன்று மணி ஜெபம். பயிற்சிக்காரர்கள் சட்டத்துக்கு முன்னாலேயே தலைகுனிந்தார்கள். நெஸ்டரும் எழுந்து நின்று கண்ணை மூடினார். கத்தரிக்கோல் அட்டையைக் கவ்வியபடியே அவர் கையில் இருந்தது. ஜெனலினும் தலைகுனிந்தாள். வேண்டிக்கொள்ள இப்போது அவளுக்கு ரொமுலோவின் வயிறு ஒன்றுதான் இருந்தது.

ஆமென் என்றார்கள் எல்லோரும். நெஸ்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மிச்சத்தையும் வெட்டி முடித்தார்.