குளிப்பாட்டாத கார்டு

நான் ஆட்டு வியாபாரி. இதைக் கேட்டதும் நீங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டால் எனக்கு வருத்தமில்லை. எட்டயபுரம் சந்தையில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். உப்புப் போட்ட தவிட்டைத் தின்னக் கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டி எடை கூட்டி, குளிப்பாட்டி மினுமினுக்க வைத்து நான் விற்ற ஆடுகளை வரிசையாக நிறுத்தினால் அந்த வரிசை கழுகுமலை வரைக்கும் போகும். இப்படிப் பிழைத்தவனுக்கு ஒரு வியாதி வரும். மற்றவர்களும் தன்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று தோன்றும்.

அந்த வியாதியால் அதிகம் அடிபட்டவள் என் மகள் முத்துசெல்வி. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் வரைகிறாள். சேவல், கிளி, தாமரை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வரைவாள். வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். வேலைக்கா என்று கேட்டேன். விளையாடுவதற்கு என்றாள். பொய் சொல்லியிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் வீடுகளில் பிள்ளைக்குக் காது குத்தும்போது ஒரு பெட்டைக் குட்டியை அதன் பேருக்கு விட்டுவிடுவோம். அது ஈனுவதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத்தான். முத்துசெல்வியின் ஆடுகள் ஒரு வருடமாக ஒவ்வொன்றாகப் பட்டியை விட்டுப் போய் ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்தன. வெள்ளைக் கிடாய் மதர்போர்டு ஆயிற்று. கொம்பு முறிந்த கருப்பு ஆடு பிராசஸர் ஆயிற்று. கடைசியாக நின்றது ஒரு செவலைக் கிடாய். அதையும் போன மாதம் விற்றோம். அந்தப் பணத்துக்குள், விளையாட்டுப் படத்தைத் திரையில் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு வாங்கியாக வேண்டும். அது சொத்தையாகப் போனால், மறுபடி விற்க அவளுக்கு ஆடு கிடையாது.

புதுக் கார்டு அந்தப் பணத்துக்கு வராது. செகண்ட் ஹேண்ட்தான். அங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். சில பேர் இந்தக் கார்டுகளை மாதக்கணக்கில் இராப்பகலாக ஓட விட்டுச் சக்கையாக்கி, துடைத்துப் பளபளப்பாக்கி விற்பார்கள் என்று என்னிடம் விளக்கிச் சொன்னாள். திருடனிடம் போய் ஊரில் திருட்டு அதிகம் என்று சொன்னது போல ஆயிற்று. எனக்கு உடனே அவர்கள் எல்லோரையும் தெரிந்த மாதிரி இருந்தது.

முதலில் கோவில்பட்டியிலேயே ஒருவரிடம் பார்த்தோம். கார்டு கண்ணாடி மாதிரி இருந்தது. நான் முகர்ந்து பார்த்தேன். மகளை வாசலுக்குக் கூட்டிப் போய், குளிப்பாட்டியிருக்கிறான், வேண்டாம் என்றேன். சுத்தமாக வைத்திருப்பதும் ஒரு குற்றமா என்று அந்த மனிதர் உள்ளேயிருந்தே கேட்டார். மறுநாள் அதே கார்டை அவள் ஆபீஸ் பாலகணேஷ் வாங்கிவிட்டான். இன்று வரை குறையில்லாமல் ஓடுகிறதாம். அதைத் தினமும் சாப்பாட்டு வேளையில் அவளிடம் சொல்கிறானாம்.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் தட்டில் சோறு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“யப்பா, ஒரு சாமான் எப்படி இருந்தா நீங்க நம்புவீங்க?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அழுக்காக இருக்க வேண்டும், அழுக்கு ஆட்டில் ஏமாற்று குறைவு என்றேன். விற்கிறவனுக்கு விற்க மனசில்லாமல் இருக்க வேண்டும், வலிய வந்து கொடுத்தால் நோய் பிடித்தது என்றேன். அவள் அவ்வளவு பொறுமையாகக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டாவது கரண்டிக் குழம்பும் ஊற்றினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கழுகுமலைக்குப் போனோம். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுக்கும் இசக்கிச்செல்வி என்ற பெண், மாடியில் ஒரு அறை வைத்திருந்தார். பெரிய கார்டு வாங்கிவிட்டதால் பழையதைக் கொடுக்கிறாராம். மேஜையில் ஒரு கார்டை எடுத்து வைத்தார். பளிச்சென்று இருந்தது. நான் மகளைப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த மாப்பிள்ளை பெண் படத்தைப் பார்த்தாள்.

என் கண் அலமாரிக்குப் போனது. அங்கே இன்னொரு கார்டு. முழுக்கத் தூசி, அதிலிருந்த இரண்டு ஃபேனும் கருத்துப் போயிருந்தன.

“தங்கச்சி, அது என்ன?”

“அது குடுக்கிறதுக்கு இல்ல அண்ணாச்சி. நான் வச்சிருக்கேன்.”

“ஏன்?”

“நல்லா ஓடுது. எதுக்குக் குடுக்கணும்?”

என் உள்ளங்கை அரித்தது. சந்தையில் நல்ல ஆட்டைப் பார்த்தால் அப்படித்தான் அரிக்கும். அதுதான் வேண்டும் என்று நின்றேன். மகள் குறுக்கே வந்து, முதல் கார்டே நன்றாகத்தானே இருக்கிறது என்று கெஞ்சினாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்று அதட்டினேன். அவளும் சும்மா இருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக.

அதை மெஷினில் மாட்டி இருபது நிமிடம் ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஆட்டின் காதைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி கார்டின் ஓரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு அளவாக இருந்தது. இசக்கிச்செல்வி அந்தப் பக்கம் திரும்பி இருமினார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன்.

விலை பேச வேண்டும். எங்களுக்கு வாயால் விலை பேசிப் பழக்கமில்லை. துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். ஆனால் அறியாத பெண்ணின் கையை எப்படிப் பிடிப்பது? முத்துசெல்வியே தரகு பார்க்கிறேன் என்றாள். என் துண்டை வாங்கி அவரோடு ஒரு கை பிடித்தாள். வந்து என்னோடு ஒரு கை பிடித்தாள். மறுபடி அங்கே போனாள். துண்டுக்குள் அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று எனக்குப் புரியவில்லை. ஒரு தடவை துண்டே குலுங்கியது. கடைசியில் கிடாய்ப் பணத்துக்குள் அடங்கியது.

திரும்பி வரும்போது காற்று எதிராக அடித்தது. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று கத்திக்கொண்டே வந்தேன். பின்னாலிருந்து “ஆமாப்பா” என்று மட்டும் கேட்டது.

வீட்டில் கார்டை மாட்டினாள். பொத்தானை அமுக்கினாள். பெட்டிக்குள் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. டிவி மாதிரி இருந்த மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருந்தது. அணைத்து மறுபடி போட்டாள். கருப்பு. எங்கள் ஊர் மண் மாதிரி அப்படி ஒரு கருப்பு.

அவள் முகம் சுருங்கிவிட்டது. காலியான ஆட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். நான் பைக் சாவியைத் தேடினேன். இருமும்போதே எனக்குத் தெரியும், அந்தம்மா கண்ணைக் கட்டிவிட்டாள், நாலு ஜனத்தைக் கூட்டி நியாயம் கேட்கிறேன் என்று குதித்தேன். கார்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஃபேனின் மேல்பக்கம்தான் தூசி. இறக்கைகளுக்கு அடியில் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். வருடக்கணக்கில் படிந்த தூசி ஒரு பக்கமாகப் படியாது. விரலால் தேய்த்தேன். கரிசல் மண், நைசாகச் சலித்தது. அதில் ஒரு முடி ஒட்டியிருந்தது. மாடி அறையில், கல்யாண வீடியோவுக்கு நடுவில், செவலைக் கிடாயின் முடி.

எனக்கு முதலில் கோபம் வந்தது. என் கிடாய்களுக்கு நான் உப்புத் தவிடு வைக்கும்போதெல்லாம் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் யார் என்று நினைத்ததும் கோபம் உட்கார்ந்துவிட்டது. பெற்ற அப்பனைச் சந்தைக்காரனைப் போல நடத்தித்தான் ஒரு சாமான் வாங்க முடியும் என்று இந்தப் பிள்ளையை ஆக்கி வைத்திருக்கிறேனே. முடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கார்டைத் திரும்ப மாட்டச் சொன்னேன். பெட்டியின் பின்பக்கம் குனிந்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கயிறு எந்த முளையில் கட்டியிருக்கிறது என்று பார்க்கத் தெரியும். மானிட்டரிலிருந்து வந்த ஒயர் மேலே பழைய ஓட்டையில் சொருகியிருந்தது. புதுக் கார்டின் ஓட்டைகள் கீழே சும்மா இருந்தன.

“ஏட்டி, ஆட்ட மாத்திட்ட. கயித்தப் பழைய முளையிலேயே கட்டி வச்சிருக்கியே.”

அவள் எட்டிப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒயரை மாற்றிச் சொருகியதும் மானிட்டர் வெளுத்தது. மலை, ஆறு, புல்வெளி. நம் பக்கத்தில் பார்க்கவே முடியாத பச்சை. அவள் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் தூசியைச் சாக்கு வைத்துத் துடைத்துக்கொண்டேன்.

பையிலிருந்த முடியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“மண்ணச் சலிச்ச. இதப் பாக்காம விட்டுட்ட.”

அவள் முடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: “அந்தக்கா இந்தக் கார்ட நல்லா துடைச்சுத்தான் வச்சிருந்தாவ. நீங்க வேண்டாம்பீங்கன்னுதான் முன்னாடியே போயி மண்ணத் தூவிட்டு வந்தேன்…”

“அலமாரியில வச்சு குடுக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னது?”

“நான்தான்.”

“இருமுனது?”

“அது சிரிப்ப அடக்குனதுப்பா.”

“துண்டுக்குள்ள என்ன பேசுனிய?”

அவள் துண்டை எடுத்து என் தோளில் போட்டாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். விளையாட்டுக்குள் ஒரு சந்தை வந்தது. தாடிக்காரன் ஒருவன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். குதிரை மின்னியது. இவள் உடனே வாங்கப் போனாள்.

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“பொறு. குளிப்பாட்டியிருக்கான்.”