ஏழாம் மேசையின் டிஷ்யூ பாக்கெட்

தெப்ராவில் சொக்குவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், ஏழாம் மேசையின் சுவரோர நாற்காலியை இரண்டு வருடம் ஏழு மாதம் யாராலும் அசைக்க முடியவில்லை. அதன் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது.

அதை வைத்தவன் மகேஸ்வரன். தினமும் எல்லைப் பாலம் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகிறவன். திருமண நாளாக வாய்த்த ஒரு ஞாயிறன்று, பன்னிரண்டு மணிக்கு இங்கே சாப்பிடலாம் என்று மனைவி ஷாமளாவிடம் சொல்லிவிட்டு, அரைநாள் ஓவர்டைமுக்குக் கிளம்பினான். அந்தக் கடையில் ஞாயிறு மதியம் இடம் பிடிப்பது சாதாரணக் காரியமில்லை. சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்று, இன்னும் எத்தனை வாய் மிச்சம் என்று எண்ணும். ஷாமளா சுவரோரம் உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் கைப்பையை வைத்து, இரண்டரை மணி நேரம் அத்தனை முறைப்பையும் தாங்கினாள். மகேஸ்வரன் வந்து சேர்ந்தபோது ஒரு மன்னிப்பு போதுமாயிருந்தது. அவன் ஆலோசனை சொன்னான்.

"ஏம்மா இப்படி உக்காந்து கஷ்டப்பட்ட? ஒரு டிஷ்யூ பாக்கெட் வெச்சுட்டு வெளிய போய்ட்டு வந்திருக்கலாமே. சிங்கப்பூர்ல அப்படித்தான் லா, ஒருத்தரும் தொட மாட்டாங்க."

"அப்ப அந்த டிஷ்யூ கூடவே குடும்பம் நடத்துங்க," என்றாள் ஷாமளா. மாலை ரயிலில் லாபிஸ் ஊரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு மகேஸ்வரன் பதினொன்றே முக்காலுக்கே வந்து, எதிரே அவள் உட்கார்ந்திருந்த சுவரோர நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து, இரண்டு இலை போடச் சொன்னான். ஷாமளா வரவில்லை. சோறு, ரசம், அப்பளம் எல்லாம் இரண்டு இலைக்கும் வந்தன. அவன் சாப்பிட்டுப் போன பிறகும் பாக்கெட்டும் எதிர் இலையும் அங்கேயே இருந்தன. நாற்காலியை இழுத்துப் பார்த்த மூன்று தடியர்கள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, சோற்றைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பாக்கெட்டின் மேலேயே உட்கார்ந்துவிடத் துணிந்தவர்கள், உட்கார்ந்த பிறகு பார்த்தால் பக்கத்து மேசையில் இருந்தார்கள். கேட்ட மீன் குழம்பும் அங்கேயே வந்திருந்தது. அந்த இலைச் சோறு மறுநாளும் ஆவி பறந்தது, தீபாவளிக்கும் பறந்தது, அடுத்த தீபாவளிக்கும் பறந்தது. மழைத் தண்ணீர் முழங்காலளவு கடைக்குள் புகுந்த அன்று மற்ற நாற்காலிகள் மிதந்து வாசலில் முட்டிக்கொண்டு நிற்க, ஏழாம் மேசையில் ஓர் ஈரத்துளி இல்லை.

"அலமாக்!" என்றார் சொக்கு, ரசப் பாத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கியபடி. "ஊரே ஊறிப் போச்சு, உன் அப்பளம் மட்டும் மொறுமொறுன்னு நிக்குது மகேசு!"

இந்த ஊர் ஈரக் காற்றில் அப்பளம் பத்து நிமிடம் தாங்காது. அது தெரிந்தவர்கள் அந்த மேசையருகே குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

மகேஸ்வரன் ஞாயிறு ஓவர்டைமை விட்டுவிட்டான். வாராவாரம் வந்து தன் இலையில் சாப்பிட்டு, எதிர் இலையைப் படமெடுத்து ஷாமளாவுக்கு அனுப்பினான். இரண்டு வார்த்தை சேர்த்து எழுதப் பார்ப்பான், எதை எழுதினாலும் ஆலோசனை மாதிரியே இருக்கும், அழித்துவிடுவான். அவள் படத்தைப் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழும், அவ்வளவுதான். நூற்று முப்பத்து நான்காவது படத்துக்குப் பதில் வந்தது.

"எல்லாப் படத்துலயும் அப்பளத்துக்கு ஒரே ஓரம் ஒடஞ்சிருக்கு. பழைய படத்தையே அனுப்பி ஏமாத்துறீங்களா?"

"படம் புதுசுதான். அப்பளம்தான் பழசு," என்று அவன் எழுதினான். "உனக்கு வெச்சது. வேற யாருக்கும் நகர மாட்டேங்குது."

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பத்துக்கு ஷாமளா கடைக்குள் நுழைந்தாள். மகேஸ்வரன் எழுந்தான். ரயில் நிலையத்திலிருந்து எந்த வழியாக வந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம் என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

"அன்னிக்கு உன்னக் காக்க வெச்சுட்டேன். மன்னிச்சிரும்மா."

அவள் இரண்டு விரலால் பாக்கெட்டை எடுத்தாள். நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது. அவள் அப்பளத்தை உடைத்த சத்தம் வாசலில் நின்ற வரிசை வரை கேட்டது. நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றவர்கள் வாய் எண்ணுவதை நிறுத்தினார்கள்.

"ரசத்துல உப்பு கம்மி," என்றாள்.

"ரெண்டரை வருஷத்துக்கு முன்ன வெச்ச ரசம், தாயீ," என்றார் சொக்கு. "இன்னிக்கு வெச்சதுக்கும் அதையேதான் சொல்றாங்க."

மகேஸ்வரன் கை கழுவப் போனான். ஷாமளா எட்டி, அந்த டிஷ்யூ பாக்கெட்டை அவனுடைய நாற்காலியில் வைத்தாள்.

இப்போது சுவரோர நாற்காலியில் வார நாட்களில் யார் யாரோ உட்காருகிறார்கள். எதிர் நாற்காலி மகேஸ்வரனைத் தவிர யாருக்கும் அசைவதில்லை. தரை துடைக்கிறவர்கள் அதன் நான்கு கால்களையும் சுற்றித் துடைத்துப் பழகிவிட்டார்கள்.